ஸ்கிரீன்ல கோடு கோடா வருதா? ‘கிராஃபிக்ஸ் போச்சு’ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்!

திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதி. செங்கம் சாலையை ஒட்டிய தெருவில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை மகள் கல்லூரி ப்ராஜெக்ட்டை சமர்ப்பிக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் பச்சையும் ஊதாவுமாகக் கோடுகள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் கொஞ்ச நேரம் சரியாக இருக்கிறது. பிறகு மறுபடியும் அதே கோடுகள்.

அன்றைக்குப் பௌர்ணமி வேறு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்கக் கூட்டம். சிபியூவை வண்டியில் வைத்து டவுனுக்கு எடுத்துக்கொண்டு போவது நடக்கிற காரியம் இல்லை. தெரிந்தவரிடம் போனில் கேட்டால், “கிராஃபிக்ஸ் போயிருக்கும், போர்டு மாத்தணும்” என்கிறார்.

அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இதே கோடுகள் லூசான கேபிளாலும் வரும். தூசி அடைத்த ஃபேனாலும் வரும், தப்பான டிரைவராலும் வரும். ஒன்று செலவே இல்லாத வேலை, இன்னொன்று பல ஆயிரம் ரூபாய் செலவு. எது என்று பிரித்துப் பார்க்க பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. மொபைலில் இதைப் படித்துக்கொண்டே செய்து பார்க்கலாம். எப்படி என்று விரிவாகப் பார்ப்போம்.

கிராஃபிக்ஸ் என்றால் என்ன?

ஸ்கிரீனில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு எழுத்தையும் படத்தையும் வரைந்து கொடுப்பது ஜிபியூ எனப்படும் கிராஃபிக்ஸ் சிப். இதில் இரண்டு வகை உண்டு.

முதல் வகை, பிராசசருக்குள்ளேயே இருப்பது. பெரும்பாலான வீட்டு லேப்டாப்களிலும் ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலும் இதுதான். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப் திட்டம் மூலம் பல வீடுகளுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தது. அந்த மாதிரி சாதாரண லேப்டாப்களில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்காது. அதனால் ‘கார்டு போச்சு’ என்று யாராவது சொன்னால், ‘இதுல தனி கார்டு இருக்கா?’ என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

இரண்டாவது வகை, மதர்போர்டில் தனியாகச் செருகும் கார்டு. கேமிங், வீடியோ எடிட்டிங் செய்பவர்களின் டெஸ்க்டாப்பில் இது இருக்கும். இதற்கென்று தனி ஃபேன் உண்டு.

எந்த வகையாக இருந்தாலும் ஒரு படம் உங்கள் கண்ணுக்கு வருவதற்கு ஒரே பாதைதான். டிரைவர் என்ற மென்பொருள் உத்தரவு கொடுக்கும், சிப் வரையும், கேபிள் கொண்டுபோகும், ஸ்கிரீன் காட்டும். இந்த நான்கில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வேலையும்.

முதல் வேலை: ஃபைலைக் காப்பாத்துங்க

சோதனைகளைத் தொடங்கும் முன், ஸ்கிரீன் ஓரளவு தெரியும்போதே முக்கியமான ஃபைல்களை பென்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ காப்பி எடுத்துவிடுங்கள். கோடு வந்தாலும் ஃபைல் நன்றாகத்தான் இருக்கும். ஸ்கிரீன் முழுவதும் கருப்பாகிவிட்டால் எச்டிஎம்ஐ கேபிள் மூலம் டிவியில் இணைத்துப் பாருங்கள். பல நேரங்களில் டிவியில் படம் வந்துவிடும். ப்ராஜெக்ட்டைக் காப்பாற்ற அதுவே போதும்.

பெட்டியைத் திறக்காமல் ஐந்து சோதனைகள்

1. மானிட்டர் மட்டும் சோதனை

மானிட்டருக்குப் பின்னால் செருகியிருக்கும் வீடியோ கேபிளைக் கழற்றிவிட்டு மானிட்டரை மட்டும் ஆன் செய்யுங்கள். ‘நோ சிக்னல்’ என்று ஒரு செய்தி வரும். அந்தச் செய்தியிலும் கோடு, புள்ளி, நடுக்கம் இருந்தால் கோளாறு மானிட்டரில். கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். செய்தி சுத்தமாக இருந்தால் மானிட்டர் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு.

2. ஸ்கிரீன்ஷாட் சோதனை

கோடு தெரியும் நேரத்தில் விண்டோஸ் பட்டனையும் பிரின்ட் ஸ்கிரீன் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட் பிக்சர்ஸ் ஃபோல்டரில் சேமிக்கப்படும். அதை வாட்ஸ்அப்பில் உங்கள் போனுக்கே அனுப்பித் திறந்து பாருங்கள்.

போனிலும் கோடு தெரிந்தால், படம் வரையப்படும்போதே கெட்டுப்போகிறது. அதாவது டிரைவர், சிப் அல்லது ரேம் பக்கம் கோளாறு. போனில் படம் சுத்தமாக இருந்தால், வரைந்த பிறகு வழியில் எங்கேயோ கெடுகிறது. கேபிள், போர்ட், ஸ்கிரீன் ஆகியவற்றை முதலில் சந்தேகப்படலாம்.

3. இன்னொரு ஸ்கிரீன் சோதனை

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். டிவியிலோ வேறு மானிட்டரிலோ இணையுங்கள். விண்டோஸ் பட்டனையும் பி பட்டனையும் சேர்த்து அழுத்தினால், எந்த ஸ்கிரீனில் காட்ட வேண்டும் என்று கேட்கும். டிவியில் படம் சுத்தமாக வந்தால் கிராஃபிக்ஸ் சிப் வேலை செய்கிறது என்று அர்த்தம். லேப்டாப்பின் டிஸ்ப்ளே பேனலோ, மூடி மடிகிற இடத்தில் ஓடும் மெல்லிய கேபிளோதான் பிரச்னை. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைக்கும்போது கோடு வந்து போனால் அந்தக் கேபிள் மேல் சந்தேகம் இன்னும் உறுதியாகும்.

லேப்டாப் ஓடுகிற சத்தம் கேட்கிறது, ஆனால் ஸ்கிரீன் கருப்பு. அப்போது போன் டார்ச்சை ஸ்கிரீன் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னால் எரியும் பேக்லைட்தான் போயிருக்கிறது.

4. பயாஸ் சோதனை

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கம்பெனி லோகோ வரும்போதே டெலிட் அல்லது எஃப்2 பட்டனைத் தொடர்ந்து தட்டுங்கள். சில மாடல்களில் எஃப்10 அல்லது எஸ்கேப் பட்டனாக இருக்கும். பயாஸ் எனப்படும் அமைப்புப் பக்கம் வரும். அங்கே எதையும் மாற்ற வேண்டாம், சும்மா பார்த்தால் போதும்.

இந்தப் பக்கம் விண்டோஸ் தொடங்கும் முன்பே வருவது. இங்கேயும் கோடு இருந்தால் விண்டோஸ் மேலும் டிரைவர் மேலும் பழி போட முடியாது. அந்த நிலையில் விண்டோஸை மறுபடியும் இன்ஸ்டால் பண்ணுவதும் வீண் வேலை, வீண் செலவு.

5. சேஃப் மோட் சோதனை

ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் மறுபடியும் ரீஸ்டார்ட் கொடுத்து 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். புதிய லேப்டாப்களில் இந்த இடத்தில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்க வாய்ப்பு உண்டு. அது உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் இருக்கும். முதலில் அதைக் குறித்து வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சேஃப் மோடில் விண்டோஸ் வழக்கமான கிராஃபிக்ஸ் டிரைவரை விட்டுவிட்டு அடிப்படை டிரைவரை மட்டும் பயன்படுத்தும். இங்கே கோடு இல்லை என்றால் டிரைவர் மேல் சந்தேகம் விழுகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. சேஃப் மோடில் சிப்புக்கு வேலையும் குறைவு. அதனால் சூட்டால் திணறும் சிப்பும் இங்கே நன்றாக நடிக்கும். டிரைவரா, சூடா என்று அடுத்து பிரித்துப் பார்க்க வேண்டும்.

கேபிள் மேல் சந்தேகமா?

பழைய விஜிஏ கேபிளில் இரண்டு பக்கமும் ஸ்க்ரூ இருக்கும். அதை முடுக்காமல் விட்டால் ஸ்கிரீன் முழுக்க மஞ்சளாகவோ ரோஸ் நிறமாகவோ தெரியும். உள்ளே ஒரு பின் வளைந்திருந்தாலும் இதே கதைதான். எச்டிஎம்ஐ கேபிள் என்றால் இரண்டு முனைகளையும் கழற்றி மாட்டுங்கள். டிவிக்கு மாட்டியிருக்கும் கேபிளைக் கடன் வாங்கிச் சோதித்துப் பாருங்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு உள்ள டெஸ்க்டாப்பில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று இருக்கிறது. வீட்டைச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது, கேபிளை கார்டில் செருகாமல் மதர்போர்டு போர்ட்டில் செருகிவிடுவது. ‘நோ சிக்னல்’ என்று வரும். கீழே படுக்கைவசமாக இருக்கும் கார்டின் போர்ட்டில் மாற்றிச் செருகினால் சரியாகிவிடும்.

டிரைவர் மேல் சந்தேகமா?

முதலில் ஒரு சுலபமான வழி. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு பட்டன்களையும் ஒன்றாக அழுத்துங்கள். ஸ்கிரீன் ஒரு நொடி கண் சிமிட்டும், கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடியும் தொடங்கும். திறந்திருக்கும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது.

அடுத்து, ஸ்டார்ட் பட்டனை ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜர் போங்கள். டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்ற வரியைத் திறந்தால் உங்கள் கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர் இருக்கும். அதற்குப் பதிலாக ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருந்தால் சரியான டிரைவர் இல்லை என்று அர்த்தம். எழுத்துகள் பெரிதாகவும், வீடியோ விட்டு விட்டும் ஓடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

புதிய அப்டேட் வந்த பிறகுதான் பிரச்னை தொடங்கியதா? அதே இடத்தில் ப்ராப்பர்டீஸ், டிரைவர் என்று போய் ‘ரோல் பேக் டிரைவர்’ கொடுத்தால் பழைய டிரைவருக்குத் திரும்பிவிடலாம். பெரிய கம்பெனி வெளியிடும் டிரைவரும் தப்பாகலாம். 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்ற டிரைவர் சில கார்டுகளில் ஃபேன் வேகத்தைச் சரியாகக் கட்டுப்படுத்தாததால் கார்டு சூடாவதாகப் புகார்கள் வந்தன. கம்பெனியே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

புது டிரைவர் வேண்டுமென்றால் லேப்டாப் கம்பெனியின் தளத்திலோ, இன்டெல், ஏஎம்டி, என்விடியா தளங்களிலோ மட்டும் இறக்குங்கள். ‘ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரையும் அப்டேட் பண்றோம்’ என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம்.

யூடியூப் வீடியோ மட்டும் பச்சையாகவோ கருப்பாகவோ தெரிந்தால், குரோம் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் என்பதை ஆஃப் செய்துவிட்டு குரோமை மூடித் திறந்து பாருங்கள்.

இன்னும் சந்தேகம் தீரவில்லையா? உபுன்டு போன்ற லினக்ஸை பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்கலாம். இலவசம்தான். லினக்ஸில் ஒரு வீடியோவை நெடுநேரம் ஓட விட்டும் கோடு வரவில்லை என்றால் சிப் நன்றாக இருக்கிறது, விண்டோஸ் பக்கம்தான் கோளாறு என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

சூடுதான் காரணமா?

ஆன் செய்ததும் சரியாக இருந்து, அரை மணி நேரம் வீடியோ காலோ கேமோ ஓடிய பிறகு கோடு வருகிறது. ஆஃப் பண்ணி ஆறவிட்டால் மறுபடியும் சரியாகிறது. இது சூட்டின் அடையாளம். திருவண்ணாமலை வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுவரை ஒட்டி வைத்த சிபியூ, மெத்தை மேல் வைத்த லேப்டாப், சாலைத் தூசி உள்ளே வரும் ஜன்னல் இவையெல்லாம் சேர்ந்தால் ஃபேன் மூச்சுத் திணறும்.

தனி கார்டு இருந்தால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஜிபியூ வெப்பநிலையைப் பார்க்கலாம். கனமான வேலையின்போது 80 டிகிரி செல்சியஸ் வரை போவது பல கார்டுகளுக்குச் சாதாரணம்தான். 90-ஐத் தாண்டி நின்றால் கவனிக்க வேண்டும்.

சுத்தம் செய்ய: பவர் கார்டைக் கழற்றுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ப்ளோயரால் தூசியை ஊதுங்கள். ஃபேனைப் பிடிக்காமல் ஊதினால் அது கன்னாபின்னாவென்று சுற்றிக் கெட்டுப்போகும். ஈரத்துணி வேண்டாம். சிபியூவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

மின்சாரமும் ரேமும்

ஸ்லாட் வழியாகக் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கிடைக்கும் மின்சாரம் அதிகபட்சம் 75 வாட்தான். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுகளுக்குத் தனி பவர் கேபிள் வரும். 6 பின் கேபிள் 75 வாட், 8 பின் கேபிள் 150 வாட் கொடுக்கும். அது சரியாகச் செருகப்படாவிட்டாலோ, எஸ்எம்பிஎஸ் பலவீனமாக இருந்தாலோ, கேம் ஓடும்போது மட்டும் ஸ்கிரீன் கருப்பாகும் அல்லது கம்ப்யூட்டரே ஆஃப் ஆகும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும், ஷாக் அடிக்கும்.

மாலை நேரத்தில் லைட் மங்கும்போது ஸ்கிரீனும் நடுங்கினால், வீட்டு வோல்டேஜையும் பார்க்க வேண்டும். நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். தொடர்ந்து குறைவாக வந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ல் புகார் செய்யலாம்.

ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, ஆனால் டிஸ்ப்ளே வரவில்லையா? அங்கே முதல் சந்தேகம் ரேம் மேல்தான். பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் ரேம் கோளாறு கிராஃபிக்ஸ் கோளாறு மாதிரியே தெரியும். டெஸ்க்டாப் என்றால் பவர் கார்டைக் கழற்றி, ஆன் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, ரேமைக் கழற்றி அதன் தங்க நிற முனைகளை எழுதும் ரப்பரால் மென்மையாகத் துடைத்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். பல ‘டிஸ்ப்ளே வரல’ கேஸ்கள் இதோடு முடிந்துவிடும்.

தனி கார்டு உள்ளவர்கள் கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு போர்ட்டில் இணைத்துப் பார்க்கலாம். படம் சரியாக வந்தால் கார்டு மேல் சந்தேகம். ஆனால் உங்கள் இன்டெல் பிராசசரின் பெயர் ‘எஃப்’ என்ற எழுத்தில் முடிந்தால் அதற்குள் கிராஃபிக்ஸே கிடையாது. படம் வராது, அதைப் பார்த்து போர்டு போச்சு என்று பயப்பட வேண்டாம்.

உண்மையிலேயே சிப் போயிருந்தால்?

அதுவும் நடக்கும். பெரிய கம்பெனிகளுக்கே நடந்திருக்கிறது. தன்னுடைய சில லேப்டாப் சிப்கள் வழக்கத்துக்கு அதிகமாகப் பழுதாவதாக 2008 ஜூலையில் என்விடியா அறிவித்தது. அதற்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. 2011 முதல் 2013 வரை விற்ற சில மேக்புக் ப்ரோ மாடல்களில் கிராஃபிக்ஸ் கோளாறு வந்ததால், 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவச ரிப்பேர் திட்டம் கொண்டுவந்தது.

சிப் மறுபடி மறுபடி சூடாகி ஆறும்போது, அதைத் தாங்கும் நுண்ணிய ஈயப் பற்றவைப்புகளில் விரிசல் விழும். படம் சிதறுவதற்கு அதுவும் ஒரு காரணம். சிப்பைச் சூடேற்றி ‘சரி பண்ணித் தர்றோம்’ என்று சொல்லும் இடங்கள் உண்டு. சூடேற்றினால் விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். சில வாரம் ஓடும், பிறகு மறுபடியும் போகும். அவசரமாக ஃபைல் எடுக்க மட்டும் அது உதவலாம். யூடியூபைப் பார்த்து வீட்டு ஓவனில் போர்டை வைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். நச்சுப்புகை வரும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

கடைக்குப் போகும்போது இதைக் கேளுங்க

நீங்கள் செய்த சோதனைகளின் முடிவைச் சொல்லுங்கள். ‘ஸ்கிரீன் போச்சு’ என்பதைவிட, ‘டிவியில நல்லா வருது, லேப்டாப்புல மட்டும் கோடு வருது’ என்று சொன்னால் மெக்கானிக்குக்கும் பாதி வேலை மிச்சம்.

வாரண்டி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் ஸ்க்ரூவைத் தொட வேண்டாம், நேராக கம்பெனி சர்வீஸ் சென்டர்தான்.

எந்தப் பாகம், என்ன விலை, புதியதா பழையதா, எத்தனை மாத கேரண்டி என்று எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். சீரியல் நம்பரை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

இது கிராஃபிக்ஸ் பிரச்னையே இல்லை!

ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பாகவோ நீலமாகவோ மாறி, ‘உங்கள் கம்ப்யூட்டர் லாக் ஆகிவிட்டது, இந்த எண்ணுக்கு உடனே போன் பண்ணுங்கள்’ என்று வந்தால் அது கோளாறு இல்லை, மோசடி. உண்மையான விண்டோஸ் எரர் எதுவும் போன் நம்பர் காட்டி உங்களை அழைக்கச் சொல்லாது. ஆல்ட், எஃப்4 பட்டன்களை அழுத்தி பிரவுசரை மூடுங்கள். மூட முடியவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ஆஃப் செய்யுங்கள். யார் சொன்னாலும் ரிமோட் ஆப் இன்ஸ்டால் செய்யாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

அந்த வீட்டில் என்ன செய்திருக்கலாம்?

தொடக்கத்தில் சொன்ன ரமணாசிரமம் பகுதி வீட்டுக்குத் திரும்புவோம். முதலில் ப்ராஜெக்ட்டை பென்டிரைவில் எடுத்தாகிவிட்டது. மானிட்டரில் ‘நோ சிக்னல்’ செய்தி சுத்தமாக வருகிறது. கேபிளை மாற்றியும் மாற்றமில்லை. ஸ்கிரீன்ஷாட்டிலும் கோடு இருக்கிறது. ஆனால் ஆறிய பிறகு ஆன் செய்தால் கொஞ்ச நேரம் படம் தெளிவு. எல்லாம் சேர்ந்து கைகாட்டுவது சூட்டை. சிபியூவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து தூசியை ஊதி, சுவரிலிருந்து தள்ளி வைத்துவிட்டு மறுபடியும் ஓட்டிப் பார்ப்பதுதான் அடுத்த வேலை.

அப்போதும் கோடு வந்தால் கடைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் இப்போது போவது, எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஆளாக. கூட்டம் கலைந்து, சாலை திறந்த பிறகு நிதானமாகப் போகலாம். ப்ராஜெக்ட் ஏற்கெனவே பத்திரமாக இருக்கிறது.